மணல் மூடிய வயலுக்கு என்ன கணக்கு?

வெள்ளம் வந்தால் முதல் மூன்று நாள் எல்லோரும் வருகிறார்கள். படகு வருகிறது. உணவுப் பொட்டலம், பால் பவுடர், பாய், போர்வை வருகின்றன. முகம் தெரியாத வெளியூர் இளைஞர்கள் லாரி பிடித்து அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குகிறார்கள். அந்த உதவியைக் குறைத்துப் பேசக் கூடாது. பல உயிர்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால், நான்காவது வாரம் தண்ணீர் வடிந்த பிறகு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வயலுக்குப் போய் நிற்கிறீர்களே, அப்போது யார் வருகிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிடச் சில இடங்களில் அந்த ஒரே நாளில் அதிகம் பெய்தது. தாமிரபரணி வெள்ளமும் உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்து பிசான நெல்லையும் வாழையையும் மூழ்கடித்தன. மானாவாரிப் பக்கம் உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் வேர் அழுகிப் போயின.

அடுத்த ஆண்டே ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை வயல்கள் பலவற்றில் பயிர் இருந்த இடத்தில் மணல்மேடுதான் மிஞ்சியது. இரண்டு ஆறு, இரண்டு ஆண்டு, பிரச்சினை ஒன்றுதான்.

செடிக்கு ஒன்பது ரூபாய்

முதலில் நிவாரணக் கணக்கைப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022-23 முதல் 2025-26 வரை வகுத்த விதிப்படி, மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய். பாசன வசதி உள்ள பயிருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். 2023-இல் தமிழக அரசு அறிவித்த தொகையும் இதுதான். பயிரில் 33 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். 2015-க்கு முன்பு இது 50 சதவீதமாக இருந்தது; அதைக் குறைத்தது நல்ல மாற்றம்தான்.

நாம் எக்டேரில் பேசுவதில்லை, ஏக்கரில் பேசுகிறோம். அப்படிப் பார்த்தால் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,900 ரூபாய். உழவு, நாற்று, நடவு, அடியுரம் என்று நடவு முடிவதற்குள்ளேயே இதைவிட அதிகம் செலவழித்திருப்பீர்கள். வாழையைப் பாருங்கள். ஆறரை அடிக்கு ஆறரை அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் கன்று. உயர்ந்தபட்சத் தொகையான 22,500 ரூபாய் கணக்கிலேயே எடுத்துக்கொண்டாலும் ஒரு வாழைக்கு ஒன்பது ரூபாய். அந்த வாழைக்கு நீங்கள் ஊன்றிய முட்டுக் கம்பின் விலைகூட அதைவிட அதிகம்.

இதை 'இழப்பீடு' என்று நாம் சொல்லிக்கொண்டாலும் விதிகளில் அதன் பெயர் 'இடுபொருள் மானியம்'. அதாவது, மறுபடி விதை வாங்கி விதைக்க ஒரு கைகொடுப்பு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மறுபடி விதைக்க வயல் இருக்க வேண்டாமா?

மூன்று அங்குல மணல்

வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போனால் ஒரு போகம் போகிறது. மணலைக் கொண்டுவந்து கொட்டினால் பல போகம் போகிறது. இந்த வித்தியாசத்தை நிவாரணக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்ற எக்டேருக்கு 18,000 ரூபாய் சிறு, குறு விவசாயிகளுக்குக் கொடுக்கலாம். உரிய அதிகாரி சான்று தர வேண்டும். வேறு திட்டத்தில் அதற்கே உதவி பெற்றிருக்கக் கூடாது.

அந்தத் தொகை போதுமா? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்று அங்குலம் என்பது கால் அடி. பெருக்கினால் 10,890 கன அடி. அதாவது சுமார் 109 யூனிட் மணல். எக்டேருக்கு 18,000 என்றால் ஏக்கருக்கு 7,300 ரூபாய்க்குள்தான். ஒரு யூனிட் மணலை அள்ளி, வண்டியில் ஏற்றி, வயலை விட்டு வெளியே கொண்டுபோய்க் கொட்ட 67 ரூபாய்! இது மூன்று அங்குலத்துக்கு. ஆற்றங்கரையில் ஒரு அடி, இரண்டு அடி என்று மணல் ஏறிய வயல்களுக்கும் இதே தொகைதான். ஒரு அடி மணல் என்றால் கூலி யூனிட்டுக்கு 17 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. இந்தக் காசுக்கு எந்த ஜே.சி.பி. வரும், எந்த டிப்பர் வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் பல இடங்களில் விவசாயி மணலை அள்ளாமல் விட்டுவிடுகிறார். வயல் தரிசாகிறது. சீமைக்கருவேலம் முளைக்கிறது. சில ஆண்டில் அந்த நிலம் யாருக்காவது அடிமாட்டு விலைக்குப் போகிறது. இதைப் பயிர்ச் சேதப் பட்டியலில் நீங்கள் காண முடியாது.

பஞ்சாப் காட்டிய வழி

2025 ஆகஸ்ட், செப்டம்பரில் சட்லஜ், பியாஸ், ராவி ஆறுகள் பெருக்கெடுத்துப் பஞ்சாபில் பெரும் வெள்ளம் வந்தது. வயல்களில் மணலும் வண்டலும் படிந்தன. அந்த மாநில அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: யாருடைய வயலோ, மணல் அவருடையது. வயலில் வந்து படிந்த மணலை விவசாயி அனுமதிச் சீட்டு இல்லாமலே அள்ளலாம், வேண்டுமானால் விற்கலாம். அதற்குக் குறிப்பிட்ட காலக்கெடு. கூடவே பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 20,000 ரூபாய் என்றும் அறிவித்தார்கள்.

நம் ஊரில் நிலைமை என்ன? மணல் என்றாலே வழக்கு என்கிற பயம். தன் பட்டா நிலத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலை வண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவரக் கூட விவசாயி தயங்குகிறார். அனுமதிக்கு மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, உத்தரவு வருவதற்குள் அடுத்த பருவமே முடிந்துவிடும்.

'இப்படித் திறந்துவிட்டால் மணல் கொள்ளைக்காரர்கள் விவசாயி பெயரில் ஆற்றையே அள்ளிவிடுவார்கள்' என்று சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆற்று மணலுக்கு இங்கே இருக்கும் விலை எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதற்குத் தடை வைக்க வழி உண்டு. வெள்ளம் வடிந்த பதினைந்து நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து, சர்வே எண் வாரியாக மணலின் ஆழத்தை அளந்து எழுதட்டும். எத்தனை யூனிட் என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படட்டும். அதற்கு மேல் ஒரு வண்டிகூடப் போகக் கூடாது. பழைய வயல்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. மூன்று மாதக் கெடு. கொள்ளையைத் தடுக்க வேண்டிய அரசு, அதைக் காரணம் காட்டி விவசாயியின் வயலைப் பாலைவனமாக விட்டுவிடக் கூடாது.

உழுதவர் பெயர் எங்கே?

இரண்டாவது சிக்கல், பணம் யாருக்குப் போகிறது என்பது. தாமிரபரணிப் பாசனத்திலும் காவிரி டெல்டாவிலும் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் வாழ்பவர்களின் நிலம் என்று குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் ஏராளம். கடன் வாங்கி நட்டவர் ஒருவர்; பட்டாவில் இருப்பவர் வேறொருவர். நிவாரணம் பட்டா பெயரைப் பார்த்துப் போனால், நட்டவர் வெறுங்கையோடு நிற்பார். உரிமையாளர் நல்ல மனிதராக இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுவார். நல்ல மனதை நம்பி ஒரு திட்டம் நடக்கக் கூடாது.

குத்தகைதாரர் உரிமைப் பதிவேட்டுக்கு 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரர் சேரலாம் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் கைகொடுப்பது அடங்கல்தான். நிலத்தில் இந்தப் பருவம் யார், என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கணக்கு அது. அடங்கலில் சாகுபடியாளர் பெயர் சரியாக ஏறினால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளம் வந்த பிறகு அதற்காக ஓடாதீர்கள். நடவு முடிந்த வாரமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கரையும் கால்நடையும்

குளத்துக் கரை உடைந்தால் அவசரத்துக்கு மணல்மூட்டை அடுக்குகிறார்கள். படம் எடுக்க அது அழகாக இருக்கும். அடுத்த பருவத்துக்குள் கரையைக் கெட்டிப்படுத்தி, மதகையும் மறுகாலையும் சரிசெய்யாவிட்டால், அந்தக் குளத்தை நம்பிய ஆயக்கட்டு முழுவதும் ஒரு போகம் இழக்கும். பயிருக்கு நிவாரணம் கொடுத்துவிட்டு, தண்ணீர் நிறுத்த இடம் இல்லாமல் விட்டால் அந்த நிவாரணத்தால் என்ன பயன்? கரை வேலை முடிந்த தேதியையும் நிவாரணக் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.

கால்நடைக்கும் இதே கதைதான். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று தொகை இருக்கிறது. ஆனால், செத்த மாட்டைக் காட்ட வேண்டும். வெள்ளம் இழுத்துக்கொண்டு போன மாட்டை எங்கே காட்டுவது? இப்போது மாடுகளுக்குக் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை போட்டு, தடுப்பூசி விவரத்தைக் கணினியில் பதிகிறார்கள். அந்தப் பதிவையே ஆதாரமாக ஏற்றுக்கொள்ளலாமே! இதற்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை; ஒரு உத்தரவு போதும்.

உங்கள் கையில் இருப்பவை

அரசு செய்யும் வரை சும்மா இருக்க முடியாது. வெள்ளம் வடிந்ததும் பயிரைப் படம் எடுப்பதுபோல மண்ணையும் படம் எடுங்கள். வயலில் நாலைந்து இடத்தில் குழி தோண்டி, அளவுகோலை நிறுத்தி, பழைய மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்படி எடுங்கள். மூன்று அங்குலக் கணக்குக்கு அதுதான் சாட்சி. மனுவில் பயிர்ச் சேதம், மண் சேதம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

காப்பீடு செய்திருந்தால், தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். தனி வயல் பாதிப்புப் பட்டியலிலிருந்து நெல் மூழ்குவதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. உங்கள் ஊருக்கும் பயிருக்கும் அது பொருந்துமா என்று பிரீமியம் கட்டும்போதே கேளுங்கள்.

படிந்தது எல்லாம் மணல் என்று நினைத்துக் காசு செலவழித்துவிடாதீர்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் மாவுபோல ஒட்டினால் அது வண்டல். மெல்லிய வண்டல் வரம். ஆழ உழுது பழைய மண்ணோடு கலந்துவிடலாம். உதிர்ந்தால் மணல், அதைத்தான் அகற்ற வேண்டும். அகற்றிய பிறகு மண் பரிசோதனை செய்து, தொழு உரம் போட்டு, தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். முதல் போகத்திலேயே பழைய மகசூலை எதிர்பார்க்க வேண்டாம்.

களப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் சுமை தெரியும். ஒரே ஆள் பல கிராமங்களைப் பார்க்கிறீர்கள்; மேலிருந்து மாலைக்குள் அறிக்கை கேட்கிறார்கள். ஆனாலும் ரோட்டிலிருந்து பார்த்து எழுதும் அறிக்கையில் ஆற்றங்கரை வயல் வராது. நீங்கள் எழுதும் 32-க்கும் 33-க்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிவாரணமும், பயிர்க்கடன் தவணை மாற்றமும் இருக்கின்றன. பயிர்ச் சேதப் படிவத்தில் மண்ணுக்கு இடம் இல்லையென்றால், குறிப்பாவது எழுதி அனுப்புங்கள். கீழிருந்து எழுதாத சேதம் மேலே யாருக்கும் தெரியாது.

இந்தக் கோரிக்கைகளை வெள்ளம் வந்த பிறகு பேசினால் அவசரத்தில் காணாமல் போகும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கோடையிலேயே எழுப்புங்கள். படிந்த மணலை அள்ள நிரந்தர உத்தரவு, அடங்கலில் உழுபவர் பெயர், அடுத்த பருவத்துக்குள் உடைந்த கரை, காதுவில்லைப் பதிவுக்கு மதிப்பு. நான்கும் புதிய திட்டம் அல்ல, இருக்கும் விதிகளை ஒழுங்காக நடத்தும் வேலை.

பசித்த வயிற்றுக்குச் சோறு போட்டது முதல் நிவாரணம். அந்த வயல் மறுபடி விளைந்து, அதே குடும்பம் தன் நெல்லில் பொங்கிச் சாப்பிடும் நாள் வரை நிவாரணம் முடிந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.