சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் (சென்னை சிட்டி எஃப்சி) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஆகும். இக்கழகம் 2018–19 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக் போட்டித் தொடரை வென்று, தேசியக் கழக லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்த முதல் அணி என்னும் பெருமையைப் பெற்றது. பெயரில் சென்னை இருந்தாலும் இப்பருவத்தில் அணியின் சொந்தத் திடல் கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் ஆகும். தலைநகரில் அதே பெயர் கொண்ட அரங்கம் இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்சியின் தளமாக இருந்தது. ஆகவே சென்னையின் பெயரைத் தாங்கிய அணி, அந்நகரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் கொங்கு மண்டலத்தில் விளையாடிப் பட்டம் வென்றது. வென்ற மூன்று ஆண்டுகளுக்குள் அது அந்த லீக்கிலேயே இல்லாமற்போனது. இக்கட்டுரை அப்பருவத்தையும், அணியின் வீரர்களையும் போட்டியாளர்களையும், அதன் பின் நிகழ்ந்தவற்றையும் ஆராய்கிறது.

பின்னணி

சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் மினர்வா பஞ்சாப் அணியுடன் சேர்ந்து ஐ-லீக்கில் நேரடி அனுமதி பெற்றது. முதல் இரு பருவங்களும் அணிக்குச் சிறப்பாக அமையவில்லை. பத்து அணிகள் கொண்ட தொடரில் இரு முறையும் எட்டாம் இடமே கிடைத்தது. 2018 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 1–7 எனத் தோற்றது இக்காலத்தின் மிக மோசமான முடிவாகும். அன்று நைஜீரிய வீரர் டூடு ஒமாக்பெமி ஒருவரே நான்கு கோல்கள் அடித்தார்.

எனினும் அந்த அணியில் திறமை இல்லாமல் இல்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த நடுக்கள வீரர் மைக்கேல் சூசைராஜ் 2017–18 பருவத்தின் சிறந்த நடுக்கள வீரராகத் தேர்வானார். உடனே அவரை இந்தியன் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணி ஒப்பந்தம் செய்தது. ஐ-லீக் அணி ஒரு வீரரை உருவாக்குவதும், அடுத்த ஆண்டே பணபலம் மிக்க லீக் அவரை எடுத்துக்கொள்வதும் அப்போதே வழக்கமாகியிருந்தன. பட்டம் வென்ற பின் இதே நிலை பெரிய அளவில் மீண்டும் ஏற்பட்டது.

அணியின் மறுசீரமைப்பு

2018-ஆம் ஆண்டு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். இவர் முன்னர் சிங்கப்பூரின் தம்பினிஸ் ரோவர்ஸ் அணியிலும், பிலிப்பைன்சின் குளோபல் செபு அணியிலும் பணியாற்றியவர். பந்தைத் தன் கோல்காப்பாளரிடமிருந்தே குறுகிய தூரப் பரிமாற்றங்களால் மேலெடுத்துச் செல்லும் ஆட்டமுறையை அவர் அணிக்குக் கற்பித்தார். நெடுந்தூர உதைகளும் உடல்வலிமையும் ஓங்கியிருந்த ஐ-லீக்கில் இது துணிச்சலான தெரிவு எனலாம்.

இம்முறைக்கு ஏற்ற வெளிநாட்டு வீரர்கள் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து கொண்டுவரப்பட்டனர். முன்கள வீரர் பெத்ரோ மான்சி, நடுக்கள வீரர்களான நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரொத்ரீகசு, தடுப்பாட்டக்காரர் ரொபேர்த்தோ எசுலாவா, கோல்காப்பாளர் நவுசெத் சாந்தானா ஆகியோர் இவ்வாறு வந்தவர்கள். இவர்களுள் எவரும் தம் நாட்டில் புகழ்பெற்றவர் அல்லர். உருகுவேயின் மொண்டேவிடியோவில் பிறந்த மான்சி, கத்தலோனியாவின் எல் ஓசுபித்தலெத் போன்ற மூன்றாம் நிலைக் கழகங்களில் ஆடியவர். உலகக்கோப்பையில் ஆடிய பெயர்களைத் தேடும் பழக்கம் இந்தியக் கழகங்களிடையே பரவியிருந்த காலத்தில், ஒரே வகை ஆட்டத்தில் பழகிய, செலவு குறைந்த வீரர்களைச் சேர்த்ததே இக்கழகத்தின் கெட்டிக்காரத்தனம் ஆகும்.

உள்ளூர் வீரர்களின் பங்கும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாந்தர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ், சூசைராஜின் உடன்பிறந்தவரான மைக்கேல் ரெஜின் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் அணியின் முதுகெலும்பாக இருந்தனர். தடுப்பாட்டத்தில் அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா நிலையான இடம் பெற்றார்.

பருவத்தின் போக்கு

பதினொரு அணிகள் பங்கேற்ற இத்தொடர் 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி, இளையோர் அணியான இந்தியன் ஏரோசை 4–1 என வென்றது. மான்சி மூன்று கோல்கள் அடித்தார். அடுத்த மாதம் கொல்கத்தா சென்று, ஒன்பது மாதங்களுக்கு முன் தன்னை ஏழு கோல்களால் சிதைத்த ஈஸ்ட் பெங்காலை 2–1 என வென்றது. 2019 சனவரி 14 அன்று, பொங்கலுக்கு முந்தைய நாள், கோயம்புத்தூரிலும் அதே அணியை அதே கணக்கில் வென்றது. ஒரே புள்ளி வேறுபாட்டில் முடிந்த ஒரு தொடரில் இவ்விரு வெற்றிகளின் மதிப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சென்னை சிட்டி 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என 43 புள்ளிகள் பெற்றது. அடித்த கோல்கள் 48, வாங்கியவை 28. அணியின் தன்மையை இவ்விரு எண்களே காட்டுகின்றன. தற்காப்பில் அது சிறந்த அணி அன்று. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் அதைவிடக் குறைவான கோல்களையே வாங்கியது. ஆனால் சென்னை சிட்டி இரண்டு கோல் வாங்கினால் மூன்று கோல் அடிக்கும் அணியாக இருந்தது. 48-இல் 21 கோல்கள் மான்சியுடையவை. சர்ச்சில் பிரதர்சு அணியின் வில்லிசு பிளாசாவும் 21 கோல்கள் அடித்ததால் இருவரும் தொடரின் அதிக கோல் அடித்தவர்கள் ஆயினர்.

இத்தகைய அணிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பட்டத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் வாய்ப்பு கோவாவில் கிடைத்தபோது சர்ச்சில் பிரதர்சிடம் 2–3 எனத் தோற்றது. இதனால் முடிவு கடைசி நாளுக்குச் சென்றது.

இறுதி நாள்

2019 மார்ச் 9 சனிக்கிழமை மாலை இரு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெற்றன. 40 புள்ளிகளுடன் முன்னிலையிலிருந்த சென்னை சிட்டி, முந்தைய ஆண்டு வாகையரான மினர்வா பஞ்சாபைக் கோயம்புத்தூரில் எதிர்கொண்டது. 39 புள்ளிகள் பெற்றிருந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடியது. சென்னை வென்றால் பிற முடிவு எதுவாயினும் பட்டம் அதற்கே. சமநிலை கண்டு, ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்குச் செல்லும்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை சென்னையால் பதிலளிக்க இயலவில்லை. கோழிக்கோட்டில் அப்போது கோல் எதுவும் விழவில்லை. அந்நிலையிலேயே ஆட்டங்கள் முடிந்திருந்தால் இரு அணிகளும் தலா 40 புள்ளிகள் பெற்றிருக்கும். நேருக்கு நேர் ஆடிய இரு ஆட்டங்களையும் வென்றிருந்தமையால் அப்போதும் சென்னையே முன்னிலையில் இருந்திருக்கும். ஆனால் கோழிக்கோட்டில் ஒரே ஒரு கோல் விழுந்தாலும் எல்லாம் மாறக்கூடிய நிலை அது.

இரண்டாம் பாதியில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். பின்னர் போரா தலையிட்டார். தடுப்பாட்டக்காரரான அவர் 69-ஆம் நிமிடத்தில் ஒரு கோலும், கூடுதல் நேரத்தில் மற்றொரு கோலும் அடித்து ஆட்டத்தை 3–1 என முடித்துவைத்தார். கோழிக்கோட்டில் மார்க்கசு ஜோசப்பின் கோலால் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், கைமே சாந்தோசு, லால்தன்மாவியா ரால்தே ஆகியோரின் கோல்களால் 2–1 என வென்றது. ஆகவே போராவின் கோல் இல்லாமல் கோயம்புத்தூர் ஆட்டம் 1–1 என முடிந்திருந்தால் ஈஸ்ட் பெங்கால் 42, சென்னை 41 என்றாகியிருக்கும். பருவம் முழுவதும் மான்சியின் கோல்களால் வாழ்ந்த அணிக்குக் கடைசி அரைமணி நேரத்தில் பட்டம் வாங்கித் தந்தவர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது.

போட்டியாளர்கள்

ஈஸ்ட் பெங்கால் இப்பருவத்தில் ஸ்பானியப் பயிற்றுநர் அலெகாந்துரோ மெனந்தெசின் கீழ் ஆடியது. கோஸ்தா ரிக்காவின் உலகக்கோப்பை வீரர் சானி அகோஸ்தா, மெக்சிக்கோவின் என்ரிக்கே எசுகேதா, கேரளத்தின் ஜாபி ஜஸ்டின் ஆகியோர் அதன் முக்கிய வீரர்கள். 2003–04-இல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றபின் இக்கழகம் தேசிய லீக் எதையும் வென்றதில்லை. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு ஒரு புள்ளியில் தொடர்ந்தது. அவ்வாண்டே முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடிய சிறீநகரின் ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பெற்றமை, பழைய கால்பந்து மையங்களுக்கு வெளியே இருந்து புதிய அணிகள் எழுந்த காலம் இது என்பதைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டிற்குள் இயல்பான போட்டியாளர் சென்னையின் எஃப்சி ஆகும். 2015, 2017–18 ஆகிய பருவங்களில் இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற அவ்வணி, 2018–19-இல் ஒன்பது புள்ளிகளுடன் கடைசி இடம் பெற்றது. ஒரே மாநிலத்தின் ஒரு கழகம் ஒரு லீக்கில் முதலிடத்திலும், மற்றொன்று வேறு லீக்கில் கடைசியிலும் நின்றன. இரு லீக்குகளுக்கும் இடையே தகுதி உயர்வோ இறக்கமோ இல்லாததால், முதலாவது மேலேறவும் இல்லை, இரண்டாவது கீழிறங்கவும் இல்லை.

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரம்

அணியின் சொந்தத் திடலிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர் உள்ளது. அதன் புறத்தே சிட்கோ தொழிற்பேட்டையும், பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியும் அமைந்த முதலிபாளையம் போன்ற ஊர்களில் பனியன் தொழிலாளர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். அசாம், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய, கால்பந்தில் ஈடுபாடு மிகுந்த மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இவர்களுள் அடங்குவர். இயல்பாகவே இது ஒரு கால்பந்துக் கழகத்திற்கு வாய்த்த பார்வையாளர் கூட்டமாகும்.

ஆனால் ஆட்ட நாட்கள் இவர்களுக்கு ஏற்றவையாக இல்லை. தொடக்க ஆட்டம் வெள்ளிக்கிழமையிலும், ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் திங்கட்கிழமையிலும், இறுதி ஆட்டம் சனிக்கிழமையிலும் நடந்தன. ஒன்றரை ஷிப்டு வேலை வழக்கமான திருப்பூரில் மாலை ஐந்து மணிக்குத் தறியையோ தையல் எந்திரத்தையோ விட்டு எழுவது எளிதன்று. சனிக்கிழமை வாரச் சம்பளம் தரும் நாள் வேறு. ஞாயிறு மட்டுமே ஓய்வு. தொலைக்காட்சி நேரத்தை ஒட்டி வகுக்கப்படும் அட்டவணை, திடலுக்கு அருகிலுள்ள தொழிலாளர் நகரின் வாரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே கூறவேண்டும்.

வெற்றிக்குப் பின்

2019-இன் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசெல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது. அவ்வாண்டு பல ஐ-லீக் கழகங்கள் சூப்பர் கோப்பையைப் புறக்கணித்தபோதும் சென்னை சிட்டி பங்கேற்று, பெங்களூரு எஃப்சியை 2–1 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. அங்கு எஃப்சி கோவாவிடம் 0–3 எனத் தோற்றது.

ஆனால் அதே ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதன்மை லீக்காக்கும் திட்டத்தை ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றது. ஐ-லீக் வாகையர் மேல் லீக்கிற்கு உயரும் ஏற்பாடு 2022–23 பருவத்திலிருந்தே தொடங்கும் என முடிவானது. அதன்படி 2023-இல் முதலில் உயர்ந்தது பஞ்சாப் எஃப்சி, அதாவது மினர்வாவின் வழிவந்த கழகம். நான்கு ஆண்டுகள் முன்னதாக வென்ற சென்னை சிட்டிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதற்குக் கிடைத்தது 2020 ஆசிய வாகையர் லீக்கின் தகுதிச்சுற்றில் ஓர் ஆட்டம். அகமதாபாத்தில் நடந்த அவ்வாட்டத்தில் பகுரைனின் அல் ரிஃபாவிடம் 0–1 எனத் தோற்றது. பின்னர் ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியில் மாலைத்தீவின் மாசியாவுடன் 2–2 எனச் சமநிலை கண்டது. பெருந்தொற்று காரணமாக அப்போட்டி கைவிடப்பட்டது.

வீரர்களும் கலைந்தனர். எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருவுக்கும் சென்றனர். ஒப்பந்தம் முடியுமுன்பே ஐதராபாத் எஃப்சிக்குச் சென்றதற்காக கோர்தியோவுக்கு நான்கு மாதத் தடை விதிக்கப்பட்டது. 2019–20 பருவத்தில் சப்பானின் மித்தோ ஹோலிஹாக் கழகத்தில் தொழில்முறை வாழ்வைத் தொடங்கி, மோகன் பகானில் புகழ்பெற்ற கத்சுமி யூசா அணியில் சேர்க்கப்பட்டார். எதிர்த்திசையில் மான்சி 2020-இல் சப்பானின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அல்பிரெக்ஸ் நீகாத்தா கழகத்திற்குச் சென்றார்.

நீகாத்தாவின் வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது. தோக்கியோவிலிருந்து விலகி, கடற்கரை மாநிலமொன்றில் உள்ள இக்கழகம் 2003-இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மறு ஆண்டே முதல்நிலைக்கு உயர்ந்தது. 2005-இல் அதன் சொந்தத் திடல் ஆட்டங்களுக்குச் சராசரியாக 40,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1993-இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கிய சப்பானிய லீக், கழகங்கள் நிறுவனப் பெயர்களைக் கைவிட்டு ஊர்ப்பெயர்களை ஏற்கவேண்டும் என வலியுறுத்தியதும், பின்னர் கீழ்நிலை லீக்குகளுக்கு உயர்வு வழி அமைத்ததும் இதற்கு அடிப்படை. கோயம்புத்தூரில் ஆடிய கழகத்திற்கு ஊர்ப்பெயரும் இல்லை, உயர்வு வழியும் இல்லை.

2020–21 பருவ ஐ-லீக் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்தில் பார்வையாளரின்றி நடைபெற்றது. அதன் பின் கழக உரிமத்திற்கான நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் சென்னை சிட்டி 2021–22 தொடரில் இடம்பெறவில்லை.