பீப்பாயும் கலயமும்

குடி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. கெட்டது என்பவர்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. பருத்தி விற்ற காசு வீட்டு வாசற்படி ஏறுவதற்கு முன்பே தீர்ந்துபோவதைக் கரிசல் காட்டில் நானும் பார்த்திருக்கிறேன். என் சண்டையெல்லாம், ஒரே போதைக்கு நம் ஊரில் இரண்டு நியாயம் இருக்கிறதே, அதோடுதான்.

கோவில்பட்டியில் சில கனவான்களின் வீட்டு ஹாலில் இப்போது ஒரு சின்ன ஓக் மரப் பீப்பாய் கொலு வீற்றிருக்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும். பித்தளைக் குழாய் உண்டு. சர்க்கார் கடையில் வாங்கிய சரக்கை அதில் ஊற்றி, மூன்று மாதம் 'முதிர' வைத்து, வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விருந்தாளியும் மரியாதைக்குத் தலையை ஆட்டுகிறார். இதற்குப் பெயர் ரசனையாம்.

ரசனை என்றால் கொஞ்சம் விசாரிக்கலாம், தப்பில்லை. ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 வருஷமாவது ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் அதை விஸ்கி என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது குளிர்ந்த தேசம். வருஷத்துக்கு நூற்றுக்கு 2 பங்கு போல ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அதற்கு வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் பார்லியிலிருந்து காய்ச்சி, 2004-இல் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விற்ற 'அம்ருத்' கம்பெனிக்காரர்கள், தங்கள் ஊர் வெயிலில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விடுகிறது என்கிறார்கள். அப்படியானால் கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் தேவதைகள் எவ்வளவு குடிப்பார்கள்? வறண்ட காற்றில் சாராயத்தைக் காட்டிலும் தண்ணீர்தான் வேகமாகப் போகும். மிஞ்சுவது இன்னும் உக்கிரமாக இருக்கும்.

பீப்பாய் சின்னதானால் வேலை சீக்கிரம் முடியும் என்று கனவான் வாதிக்கிறார். பாதி உண்மை. 200 லிட்டர் பீப்பாயைவிட 5 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்று மடங்குக்கு மேல் மரம் கிடைக்கிறது. அதனால் நிறமும் துவர்ப்பும் மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் மரத்தின் வழியே காற்று மெல்ல நுழைந்து, காரம் அடங்கி, வாசனைகள் ஒன்றோடொன்று கூடிவருவது காலத்தின் வேலை. காலத்தைச் சின்னதாகச் செய்து விற்க யாராலும் முடியாது. தவிர, நம் மலிவான சரக்குகளில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய வெறும் சாராயம். வாசனை சேர்த்து, கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றியது. அதில் முதிர்வதற்கு என்ன இருக்கிறது?

போகட்டும். பணம் அவருடையது, நாக்கும் அவருடையது. அதே சமயத்தில் இங்கிருந்து கிழக்கே விளாத்திகுளம், வேம்பார் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பனையேறி விடியுமுன் மரம் ஏறுகிறான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், அவன் உழைப்பாளி. சுண்ணாம்பு தடவவில்லையென்றால் அதே பாளை, அதே கலயம், அதே மனிதன். ஆனால் இறங்குவது கள், அவன் குற்றவாளி. கள்ளில் போதை நூற்றுக்குச் சுமார் 5 பங்கு. சர்க்கார் கடை விஸ்கியில் 42.8. ஐந்துக்குப் போலீஸ், நாற்பதுக்கு ரசீது! செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் இதே குற்றம் உரிமம் பெற்ற தொழிலாகிவிடுகிறது.

இந்த நியாயம் ஒரு நாளில் வந்ததல்ல. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதில் ஒரு நேர்மை இருந்தது: பீப்பாயையும் கலயத்தையும் அது சேர்த்தே விலக்கப் பார்த்தது. 1971-இல் கதவு திறந்தது, பிறகு மூடியது, மறுபடி திறந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் மூடினார்கள். 2003-இலிருந்து சீசா மதுவைச் சர்க்காரே கடை போட்டு விற்கிறது. ஆகக் கடைசியில் விலக்கானது மது அல்ல, பனையேறி.

கள்ளில் கலப்படம் செய்வார்கள் என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். செய்தவர்கள் உண்டு; மறுக்கவில்லை. பாலில் தண்ணீர் கலந்தவனைப் பிடிக்கிறோம், பசுவைச் சிறையில் போடுவதில்லை. தடை இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதே, அவர்கள் சீசா வாங்கக் காசில்லாத ஏழைகள் என்பதை யார் மறுப்பார்கள்?

முதிர வைப்பதாவது நமக்குப் புதிதா? மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பக்கத்து இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடித்து, ஹல்மில்லா என்ற தங்கள் நாட்டு மரத்தொட்டிகளில் முதிர வைத்துக் கௌரவமாக விற்கிறார்கள். அதைக் கண்டு நாம் வியக்கிறோம். பனையை மாநில மரம் என்று சொல்லிக்கொண்டு, அதில் ஏறுகிறவனை மட்டும் மறைந்து நிற்கச் செய்கிறோம்.

உண்மையாகவே மதுவிலக்கு வேண்டுமா? எல்லாக் கடையையும் மூடுங்கள். முதலில் கை தூக்குகிறவன் நான். மூட மனமில்லையென்றால், கலயத்தின் மேல் காட்டும் வீரத்தையாவது நிறுத்துங்கள். கனவானின் பீப்பாய்க்கு ரசனை என்றும் ஏழையின் கலயத்துக்கு ஒழுக்கக்கேடு என்றும் பெயர் வைக்கிற வரையில், நாம் பேசுவது ஒழுக்கமே அல்ல.