வரிசையற்ற விவரங்களும் நிறைவுற்ற பதிவும்

கணினிக் கலை பயிலும் நம் மாணவர் பலர், எழுத்துருவில் வரும் விவரங்களைப் பதிவுகளாக ஆக்குதலை எளிய தொழிலெனக் கருதுகின்றனர். நாம் அங்ஙனம் கருதுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டு 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்னும் டிசம்பர் மாதப் புதிர்த்தொகுதியின் 4ஆம் நாட் புதிர் இதற்கு நல்ல சான்று. அதன்கண் கடவுச்சீட்டு விவரங்கள், பெயரும் மதிப்புமாய் முக்காற்புள்ளியால் இணைக்கப்பெற்று, யாதொரு வரிசையுமின்றிச் சில வரிகளிற் சிதறிக் கிடக்கும். சீட்டுக்குச் சீட்டு ஒரு வெற்று வரியே எல்லை. புலங்கள் 8, அவற்றுள் நாட்டுக் குறியீடு ஒன்று இல்லாதொழியினும் குற்றமில்லை, ஏனைய 7உம் வேண்டும்.

ஹாஸ்கல் மொழியிலோ, பதிவை ஆக்கும் சார்பு தன் உறுப்புகளை நிலையான வரிசையிற் கேட்கும். விவரங்கள் வந்தபடி வரும். இப்பிணக்கைத் தீர்க்கச் சிலர் வெற்றுப் பதிவொன்றை முதலிற் படைத்து, கிடைத்த மதிப்புகளை ஒவ்வொன்றாக இட்டு நிரப்புகின்றனர். இம்முறைக்கு நாம் உடன்படோம். வெற்றிடத்தில் எதனை வைப்பது? பூச்சியத்தை என்பர். மதிப்பெண் வந்துசேராத மாணவனும், தேர்வெழுதிப் பூச்சியம் பெற்ற மாணவனும் அப்பொழுது ஒரு நிலையினர் ஆகிவிடுவர். வந்துசேராத தாளுக்காக ஒருவன் தோல்வியுற்றவனாக எண்ணப்படுதல் எத்துணைக் கொடிது!

ஆதலின் விவரங்களை முதற்கண் 'மேப்' என்னும் அமைப்பிற் சேர்த்து, பின்னர் ஒவ்வொரு பெயராகத் தேடி, வேண்டுவன அனைத்தும் கிட்டியவழியே பதிவை ஒரே முறையில் ஆக்குதல் தக்கது. தேடலின் விடை 'மேபி' என்னும் வகையினதாதலின், இன்மை இன்மையாகவே நிற்கும். 2008இல் மெக்பிரைடும் பாட்டர்சனும் விளக்கிய 'அப்ளிகேட்டிவ்' முறை இவ்விணைப்பைச் சில வரிகளில் முடிக்கும்; ஒன்று குறையினும் பதிவு பிறவாது. எனினும் எது குறைந்ததென 'மேபி' சொல்லாது. 'ஈதர்' முதற் குறையை மட்டும் சொல்லி நின்றுவிடும். ஒரே படிவத்திற்காக மும்முறை அலுவலகப் படியேறியவர், குறைகளனைத்தையும் ஒருங்கே திரட்டித் தரும் 'வேலிடேஷன்' வகையின் அருமையை அறிவர்.

ஒரே பெயர் இருமுறை வரின் யாது நிகழும்? இவ்விடத்தே பலர் கண்ணயர்கின்றனர். பட்டியலில் தேடும் 'லுக்கப்' முதலாவது மதிப்பைத் தரும். 'ஃப்ரம்லிஸ்ட்' ஆக்கிய மேப்போ இறுதியானதை வைத்துக்கொள்ளும். இரண்டும் வாய் திறவா. ஒரே படிவம் இரு நிரல்களில் இரு பிறந்த ஆண்டுகளைக் காட்டக்கூடும். மேப்பிற் சேர்க்குமுன் அப்பெயர் முன்னரே உளதாவென நோக்கி, உளதாயின் அதனையும் குறையென அறிவித்தல் வேண்டும். நம் ஆய்வுக்கூடப் பயிற்சிகளில் இதற்கெனச் சில மதிப்பெண்கள் ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.