தேருக்கு விட்ட வழி

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் சிதம்பரத்தில் தேர். அதற்குச் சில நாள் முன்பிருந்து நான்கு வீதிகளிலும் என்ன நடக்கிறது என்று தங்களுக்குக் கோப்பு வழியாகத் தெரியும், எங்களுக்குக் கண்ணால் தெரியும். பள்ளங்களில் ஜல்லி விழுகிறது. கடை முன்னால் நீட்டிய தகரக் கொட்டகை மடங்கி உள்ளே போகிறது. கேபிள் வயர்கள் அவிழ்கின்றன. மின்வாரிய ஆட்கள் ஏணியோடு நிற்கிறார்கள். தேரன்று காலையில் வண்டிகளெல்லாம் வேறு வழி. கீழ வீதியில் ஐந்து தேர்களும் கிளம்பி, நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு நடுவே சுற்றி வருகின்றன. அத்தனை கூட்டத்திலும், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவீதியில் பாட்டிகள் பயமில்லாமல் நடக்கிறார்கள். மறுநாள் தரிசனம் முடிகிறது. அதற்கு மறுநாள் தகரக் கொட்டகை திரும்பி வருகிறது, பாட்டி வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறாள்.

வருஷத்தில் இரண்டு தடவை தேருக்கு வழி விடத் தெரிந்த ஊர், மற்ற நாட்களில் காலுக்கு ஏன் வழி விடுவதில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் சிதம்பரத்துக்காரன். வேலை பார்த்தது கடலூரில். சீசன் டிக்கெட் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி, கெடிலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம் வரை நடந்தே ஆபீஸ் போனவன். அகலப்பாதை வேலை நடந்த சில வருஷங்கள் மட்டும் பஸ். ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருப்பதில்லை. ஆகவே நான் எழுதுவதெல்லாம் இரண்டு ஊர் மண்ணையும் மிதித்துத் தெரிந்துகொண்டது.

போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் மனைவிக்கு முழங்கால் வலி, கையில் தடி. தெற்கு வீதியிலிருந்து கீழ சந்நிதிக்கு நடந்தே போகலாம் என்று ஆசைப்பட்டாள். பிளாட்பாரம் இருக்கிறது. ஏறினோம். பத்தடியில் ஒரு கடையின் படிக்கட்டு, இறங்கினோம். அடுத்து பைக் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு, ஏறினோம். டிரான்ஸ்பார்மர், இறங்கினோம். எத்தனை தடவை ஏறி இறங்குகிறோம் என்று விளையாட்டாக எண்ண ஆரம்பித்தவள், வீதி முனை வருவதற்குள் கணக்கைத் தவறவிட்டாள். அப்புறம் ஒரு இடத்தில் சாக்கடையை மூடிய சிலாப் ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. தடி அந்த இடுக்கில் மாட்ட, அவள் கை பக்கத்தில் நின்ற ஒரு ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை. கால் பெருவிரல் நகம் மட்டும் பெயர்ந்தது. சிலாப் எந்தத் துறையுடையது என்று விசாரித்தேன். மூன்று பேர் மூன்று துறையைச் சொன்னார்கள். ஸ்கூட்டருக்கு நன்றி சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நெறிமுறை தங்கள் பொறியாளர்களிடம் இருக்கும். நடைபாதையில் தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்கிறது அது. ஆறடி அகலம், அரையடி உயரம். இரண்டு பேர் பேசிக்கொண்டு போக ஆறடி போதும். ஒரு கிழவி தடியை ஊன்றி ஏற அரையடி போதும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்று சொல்லிவிட்டது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போய் அடிபட்டு இறந்தவர்கள் 32,825 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. சாலைகளில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர்.

அரசு நடையை மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்ல காரியம். சிதம்பரத்திலும் சில குளங்களில் ஆக்கிரமிப்பை எடுத்து, கரை கட்டி, நடக்க வழி செய்தார்கள். அதற்காக உழைத்தவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அந்தக் குளக்கரைக்கு எங்கள் தெருக்காரர்கள் எப்படிப் போகிறார்கள் தெரியுமா? பைக்கில். வண்டியை நிறுத்திவிட்டு, செக்குமாடு மாதிரி பத்து சுற்று சுற்றி, வியர்வையைத் துடைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழியில் பால் பாக்கெட் வாங்குகிறார்கள். பால் கடை வீட்டிலிருந்து இருநூறு அடி. அதற்கும் பைக்தான், ஏனென்றால் அந்த இருநூறு அடியில் கால் வைக்க இடமில்லை. நடை இங்கே டாக்டர் சீட்டில் எழுதும் மாத்திரையாகிவிட்டது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் வழி என்பது அதில் விட்டுப்போய்விட்டது.

ஞானப்பிரகாசர் குளம், நாகச்சேரி, ஓமக்குளம், இளமையாக்கினார் கோயில் குளம் என்று எங்கள் ஊரில் குளங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுவதற்குப் பதில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிழலில் நடந்து போக வழி இருந்தால் போதும். பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும் ஸ்டேஷனும் அந்த வழிகளிலேயே வந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் 62,153 பேர் உள்ள ஊர் இது. எங்கேயிருந்து எங்கே போனாலும் நடைதூரம்.

நிழல் என்றேனே, அதைப் பற்றி ஒரு வருத்தம் உண்டு. இரண்டு ஊருக்குமே மரத்தால் வந்த பெயர். தில்லை மரக் காடாக இருந்ததால் சிதம்பரம் தில்லை. பாதிரி மரத்தால் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். தில்லை மரத்தை இன்று பார்க்கவேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குப் படகேற வேண்டும். பாதிரியைப் பார்க்கப் பாடலீசுவரர் கோயிலுக்குள் போக வேண்டும், தல விருட்சம் என்பதால் பிழைத்திருக்கிறது. மிச்சமிருந்த தெரு மரங்களில் பெரும்பங்கை 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எடுத்துக்கொண்டது. அன்று கடலூரில் மல்லாந்து கிடந்த மரங்களின் வேரைப் பார்த்தவன் நான். பல மரங்களுக்கு வேர் ஒரு அண்டாவின் அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் சாக்கடைச் சுவர், மறுபக்கம் தார். அகலமாக வேர்விட மண் எங்கே இருக்கிறது? இப்போது நடும் கன்றுகளுக்கும் தூர் வரை பேவர் பிளாக் பதித்து அழகு பார்க்கிறோம். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட்டை உடைத்தெடுக்கும்படி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை இங்கேயும் கொடுத்தால், புன்னையும் பூவரசும் வேம்பும் புங்கனும் மிச்சத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

கடலூருக்கு வருகிறேன். இந்த ஊரின் எல்லையை அளந்தது பீரங்கி. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதற்குள் இருக்கும் ஊர்கள் கம்பெனிக்கு என்று ஏற்பாடு. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. குண்டு பறந்த தூரத்தைக் காலால் கடக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், லாரன்ஸ் ரோடு, அண்ணா பாலம், பாரதி ரோடு, மஞ்சக்குப்பம் மைதானம், பீச் ரோடு, சில்வர் பீச். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். ரயில், பஸ் நிலையம், ஆறு, மைதானம், அரசு அலுவலகங்கள், பெரியார் கலைக் கல்லூரி, கடைசியில் கடல். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி அமைந்த வழி வேறெந்த ஊருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தக் கயிறு பத்து இடத்தில் அறுந்து கிடக்கிறது. லாரன்ஸ் ரோட்டில் நடக்கிறவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருப்பது கடவுள் மட்டும்தான். பாலத்தில் நின்று கெடிலத்தைப் பார்க்கலாம் என்றால் பின்னால் ஹாரன் விடாது.

பேருந்து நிலையத்தை எம்.புதூருக்குக் கொண்டு போவது சரியா தவறா என்று ஊரே வாதாடியது, நான் அதில் புதிதாக வாதாட வரவில்லை. எங்கே இருந்தாலும், ரயிலிலிருந்து இறங்கியவர் மூட்டையோடு அங்கே நடந்து போய்ச் சேர முடிய வேண்டும். இப்போதுள்ள நிலையத்தில் அந்த வசதி இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடக்க ஆசைப்பட்டால் கடலூர்க்காரர்கள் எங்கே போகிறார்கள்? பாண்டிச்சேரிக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே பீச் ரோட்டில் வண்டி போகாது. அதற்காகவே இருபது கிலோமீட்டர் பைக் ஓட்டிக்கொண்டு போய், நடந்துவிட்டுத் திரும்பி வருகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்று ஒரு ஊர். என் தங்கை மகன் அங்கே வேலை பார்க்கிறான். நம் கடலூரில் பாதிகூட இல்லாத ஜனத்தொகை. துணி ஆலைகள் நிறைந்த ஊராக இருந்து, நடுவே ஓடும் ரீடி ஆறு சாயத் தண்ணீராகிப் போனது. ஆற்றின் அருவியை மறைத்து அதன் மேலேயே ஒரு சாலைப் பாலமும் கட்டினார்கள். 1970களின் கடைசியில் கடைவீதியின் நான்கு வண்டித் தடங்களை இரண்டாகக் குறைத்து, மீதி இடத்தில் மரம் வைத்தார்கள். 2002இல் அந்தப் பாலத்தையே இடித்தார்கள். 2004இல் அருவியைச் சுற்றிப் பூங்காவும், நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு தொங்குபாலமும் வந்தன. கார் ஓட்டி வளர்ந்த தேசம், நடப்பவருக்காக ஒரு பாலத்தை இடித்தது. எல்லாம் இனிப்பு என்று சொல்ல முடியாது. ஊர் அழகானதும் வீட்டு விலையும் வாடகையும் ஏறி, ஏழைகள் தள்ளிப்போனார்கள். அந்தப் பாதியை நாம் காப்பியடிக்க வேண்டாம்.

இங்கே அதற்கு நிகரான ஆபத்து வேறு உருவத்தில் வரும். நடைபாதையைச் சீர் செய்கிறோம் என்று லாரி வந்தால் முதலில் ஏறுவது பூக்காரம்மாவின் கூடை. பிளாட்பாரத்தை விழுங்கிய பெரிய கடையின் கிரானைட் படி அப்படியே இருக்கும். பூக்காரம்மாவும் வேர்க்கடலை வண்டியும் இருப்பதால்தான் இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் அந்த வழியில் தைரியமாக நடக்கிறார்கள். 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. வரைபடம் போடும் முன்பே அந்தக் குழுவைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, சுருக்கமாக. பெரிய மனைப் பிரிவுகளில் 10 சதவீதம் திறந்தவெளியாகத் தானம் எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி. பார்க் சைட் என்று பத்திரத்தில் இருக்கும் அந்த இடங்களில் சில கருவேலங்காடாகக் கிடக்கின்றன, சிலவற்றில் கட்டட மண் மலையாகக் குவிந்திருக்கிறது, சிலவற்றை யாரோ வேலி போட்டுக்கொண்டார்கள். வார்டு வாரியாக அவற்றின் சர்வே எண்ணை எழுதி ஒரு போர்டு வைத்தால், பாதிப் பூங்காக்கள் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

அப்பர் பிறந்த திருவாமூர் தங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊர் ஊராக நடந்து, கையில் உழவாரத்தோடு கோயில் வழிகளில் புல் செதுக்கிய மனிதர் அவர். இந்த மாவட்டத்தின் முதல் நடைபாதைப் பராமரிப்பாளர் என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. வருகிற மார்கழி முப்பது நாளும் விடியற்காலை நான்கிலிருந்து எட்டு மணி வரை சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் வண்டி வேண்டாம். பால் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு. கோலம் போடுகிறவர்களும் பஜனை கோஷ்டியும் எப்படியும் அந்நேரம் வீதியில்தான் இருப்பார்கள். டிபன் கடைக்காரர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், இரண்டாம் வாரம் கூடுதலாக இட்லி ஊற்றுவார்கள். தை பிறந்ததும் கணக்குப் பாருங்கள். சரியாக வந்தால் கடலூர் பீச் ரோட்டில் மாலை நேரம் முயன்று பாருங்கள். அதற்கிடையில் நான்கு வீதிகளில் ஒரு பக்கமாவது அந்த ஆறடியை, அரையடி உயரத்தில், அறாமல் போட்டுத் தாருங்கள்.

முடிவு செய்யும் முன் ஒரு தடவை வந்து நடந்து பாருங்கள். ஆட்சியர் ஆய்வு என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் முதல் நாள் இரவே பிளீச்சிங் பவுடர் தூவி, சிலாப்பைச் சமன் செய்து, பைக்குகளை அப்புறப்படுத்தி, தேரன்று இருப்பதுபோல வீதியை ஆக்கிவிடுவார்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கீழ கோபுர வாசல். நான் இருப்பேன். நகம் வளர்ந்துவிட்டது, மனைவியும் வருவாள், தடியோடு.

இப்படிக்கு,
சிதம்பரத்திலிருந்து
ஒரு பழைய சீசன் டிக்கெட்காரன்