நீர்மோர் போதாது, நண்பகல் ஓய்வு வேண்டும்

சொந்த ஊர் தேவாலா என்றதும் சென்னையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அந்தக் குளிரை விட்டுட்டு இந்த வெயில்ல என்ன பண்றீங்க?" நான் ஆய்வு மாணவன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்க முடிகிறவன். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் என் சித்தி மகன். இதே நகரத்தில் கட்டட வேலை செய்கிறான். நண்பகலில் அவன் கட்டுகிற கம்பியை வெறுங்கையால் தொட முடியாது.

எங்கள் தாத்தா பாட்டிகள் 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் காட்டைத் திருத்தி அரசுத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். மூன்றாம் தலைமுறைக்குத் தோட்டக் கூலி கட்டுப்படியாகவில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் இறங்கினோம்.

மதராஸ் மாகாணத்தை ஆண்ட வெள்ளையர்கள் கோடை வந்தால் அரசாங்கத்தையே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று காசுள்ளவர்கள் போகிறார்கள். கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர்கள் மலையேறும் அதே மாதத்தில்தான் மலையில் பிறந்தவன் சென்னையில் கம்பி கட்டுகிறான்.

"வெயில் சாதி பார்த்தா அடிக்குது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெயில் பார்க்காது. யார் வெயிலில் நிற்பது, யார் நிழலில் இருப்பது என்பதைச் சாதி பார்த்தே முடிவு செய்திருக்கிறோம். நண்பகலில் குப்பை வண்டி தள்ளுபவர் யார்? தார் ஊற்றுபவர் யார்? சாக்கடை அடைப்பு எடுப்பவர் யார்? துப்புரவு வேலைக்கு மட்டும் ஏன் எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வருவதில்லை? வேலை முடிந்து அவர்கள் திரும்பும் வீட்டையும் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கினோம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவெல்லாம் அனல் கக்கும். வெயில்பட்ட உடம்புக்கு இரவிலும் ஆறுதல் இல்லை.

ஒவ்வொரு கோடையிலும் அரசு ஓர் அறிவுரை தருகிறது: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள். வராவிட்டால் அன்றைய கூலியை யார் தருவது? கூலிக்கு வழி சொல்லாத அறிவுரை, வீட்டிலிருந்தே சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும் எழுதப்பட்டது.

எண்களின் கதை இன்னொன்று. கடலோரப் பகுதியில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. சென்னையில் மே மாத வழக்கமே 37ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 39 டிகிரியில் கடல் காற்றின் ஈரம் சேர்ந்து வியர்வை காயாமல் ஒருவர் மயங்கி விழுந்தால், அது அலையே இல்லாத வெறும் வெயில்!

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் வெயிலால் இறந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். கட்டட வேலையில் சரிந்து விழுந்தவருக்கு 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. செத்த பிறகு பணம் தரும் சட்டத்தைவிட, சாகாமல் இருக்க மூன்று மணி நேரம் தரும் சட்டம்தான் முதலில் வேண்டும்.

இது நடக்காத காரியமா? தேவாலாவிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரத்தில் கேரள எல்லை. அந்த மாநிலத் தொழிலாளர் துறை கோடைதோறும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு 12 முதல் 3 வரை ஓய்வு என உத்தரவு போடுகிறது. தொழிலாளர் உரிமைக்குப் பேர்போகாத கத்தாரே 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலையைத் தடை செய்கிறது. ஜவுளிக்கடை ஊழியர் உட்காரும் உரிமைக்கு 2021இல் சட்டத்தைத் திருத்தியது தமிழ்நாடு. நிற்கும் காலுக்குச் சட்டம் செய்ய முடிந்தால், வெயிலில் வேகும் தலைக்கும் செய்யலாம்.

சித்திரை பிறந்ததும் எல்லாக் கட்சிகளும் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. தலைவர் படத்துக்குக் கீழே ஒரு தம்ளர் மோர், ஒரு துண்டு தர்பூசணி, ஒரு புகைப்படம். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது யாரோ மனமிரங்கி ஊற்றுவார்கள் என்றல்ல. பொதுக்குளம் எங்களுக்கும் உரியது என்று சொல்லத்தான். நிழலும் அப்படித்தான்.

ஆகவே கேட்கிறோம்: மார்ச் முதல் ஜூன் வரை வெட்டவெளியில் உழைக்கும் அனைவருக்கும், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் உட்பட, கூலி பிடிக்காத நண்பகல் ஓய்வு. வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும். மீறும் ஒப்பந்ததாரருக்குத் தண்டனை. மோர் வேண்டுமானால் அந்த நிழலில் உட்கார்ந்து நாங்களே கலக்கிக் குடித்துக்கொள்வோம்.