ஓடுமுன் இதயத்துக்கு ஒரு வார்த்தை

மாட்டுங்கா ஃபைவ் கார்டனுக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நம்மவர் முகம் பத்தாவது தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடக்கும் பெரியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. டிசம்பர் பிறந்ததும் புது ஷூ மாட்டிக்கொண்டு திடீரென்று ஓடத் தொடங்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களைக் கண்டால்தான் பயமாக இருக்கிறது.

2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் வழக்கமாக ஜனவரியில் நடக்கிறது. அதையொட்டி ஆபீஸ்களில் ஒரே உற்சாகம். பனியன் தருகிறார்கள், தொப்பி தருகிறார்கள். பெயர் கொடுக்காதவரைக் கேலி செய்கிறார்கள். பதினோரு மாதம் நாற்காலியிலும் லோக்கல் ரயிலிலும் கழித்த மனிதர் பன்னிரண்டாவது மாதம் ஓட்டக்காரர் ஆகிவிடுகிறார். ஆசை நல்லதுதான். இதயத்துக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா?

செம்பூரில் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர், வயது 48, இப்படித்தான் ஓடினார். மூன்றாவது சுற்றில் நடுநெஞ்சில் இறுக்கம்; தாடை வரை வலி. "வாயு" என்று தாமே முடிவு கட்டி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி ஓடப் புறப்பட்டார். பெஞ்சில் இருந்த மராத்திக்காரப் பெரியவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்து, டாக்ஸியில் ஏற்றினார். பிழைத்துக்கொண்டார். பல வருஷமாக ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. அளந்து பார்த்ததே இல்லை. தகப்பனார் ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர். அதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

அமெரிக்கர்களுக்கு ஓட்டத்தில் மோகம் ஏற்படுத்தியவர்களில் ஒருவர் ஜிம் ஃபிக்ஸ். 1977-ல் அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1984-ல் ஓடப் போன இடத்தில், 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய தகப்பனார் 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஓட்டமே கூடாது என்று சோம்பேறிகள் இதைக் காட்டி மகிழ வேண்டாம். பிரேதப் பரிசோதனையில் ரத்தக் குழாய்களில் பெரிய அடைப்புகள் தெரிந்தன. அவை ஒரே நாளில் வந்தவை அல்ல.

நமக்கு மாரடைப்பு மேல்நாட்டாரைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி சிகரெட், குடும்பத்தில் மாரடைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓடுமுன் டாக்டரைப் பாருங்கள். வெறும் நடைக்கு இந்தச் சடங்கெல்லாம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை, இன்றே நடக்கலாம். நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். அவருக்கும் ரத்த அழுத்தம் வரும்.

முதல் சில வாரம் நடையோடு நிறுத்துங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தொடங்குகிறவருக்கு அதுவே போதுமான வேகம். கைக்கடிகாரம் நாடியைக் காட்டுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிஷம் மெல்ல நடங்கள். இன்சுலின் போடுகிறவர் சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருக்கட்டும். காய்ச்சல் நாட்களில் ஓட்டம் வேண்டாம். புகைமூட்டம் கவிந்த காலைகளிலும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷன் படிகளில் தாவியேறி 8.12 லோக்கலைப் பிடிக்கிறோமே, அதுவும் ஓட்டம்தான்! அடுத்த வண்டி நாலு நிமிஷத்தில் வரும்.

பனியன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ஒன்று சொல்வேன். நாற்பது தாண்டிய ஊழியரிடம் பெயர் வாங்குமுன் ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். இ.சி.ஜி. எல்லாவற்றையும் காட்டிவிடாது, டாக்டர் கேட்கும் நாலு கேள்வி பலவற்றைக் காட்டிவிடும். பனியன் செலவில் அது அடங்காதா?

நம் தமிழ்ச் சங்கங்களும் பட்டிமன்றத்துக்கு நடுவே ஒரு மாலையை ஒதுக்கலாம். மூச்சுப் பேச்சற்று விழுந்தவரின் நடுநெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது எப்படி என்பதை அரை மணியில் கற்றுத் தரலாம். 108-க்குப் போன் செய்த பிறகு, ஆம்புலன்ஸ் இந்த நெரிசலில் நீந்தி வரும்வரை யாராவது அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமே.