தோள்சீலையும் துப்பட்டாவும்



இந்த வாரத் தியானம் சிலருக்குக் கசக்கும். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

நம் வட்டாரத்துத் திருச்சபைகள் சிலவற்றின் வாசலில் அண்மைக் காலமாக ஒரு பலகை தொங்குகிறது. பெண்கள் சேலை உடுத்தி வரவேண்டும். சுடிதார் என்றால் துப்பட்டா கட்டாயம். ஜீன்ஸ், லெக்கிங்ஸ், கையில்லாத மேலாடை கூடாது. ஆண்களுக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. நம்முடைய ஆலயத்திலும் அப்படியொரு பலகை வேண்டுமென்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வைக்கக் கூடாது என்பதே என் பதில். அதற்கான காரணங்களை மறைக்காமல் சொல்வது என் கடமை.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக இருப்போம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்முடைய பெண்பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் அசனப் பண்டிகைக்கும் ஊர் வருகிறார்கள். தங்கள் சம்பாத்தியத்தில் தாங்களே தேர்ந்தெடுத்து வாங்கிய உடுப்பை ஞாயிறு காலையில் ஆசையாக அணிகிறார்கள். "இதைப் போட்டுக்கிட்டு கோயிலுக்கு வராதே, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்று தாய் தடுக்கிறாள். மகள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அடுத்த பண்டிகைக்கும் அப்படியே. அதற்கடுத்த வருடம் யாரும் தடுக்கவேண்டிய தேவை இருப்பதில்லை, அவளாகவே வருவதில்லை. அந்த "நாலு பேர்" யார் என்று பார்த்தால், ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமருகிற நாம்தான்.

பலகை வேண்டுமென்போர் கையில் ஏந்தி வருகிற வசனம் உபாகமம் 22:5. ஆணின் உடையைப் பெண் தரிக்கக் கூடாது என்கிற கட்டளை. நல்லது. கயத்தாறுக்கும் விளாத்திகுளத்துக்கும் போகிற சாலையில் எந்தக் கரிசல் புஞ்சையிலாவது நின்று பாருங்கள். பருத்தி எடுக்கிற பெண்கள், மிளகாய் பறிக்கிற பெண்கள், உளுந்துக்குக் களையெடுக்கிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் என்ன அணிந்திருக்கிறார்கள்? கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை. வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுவே கவசம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் அதே சட்டையைத்தான் போடுகிறார்கள். இத்தனை ஆண்டு ஊழியத்தில் ஒரு மூப்பராவது அந்தப் புஞ்சை வரப்பில் போய் நின்று உபாகமத்தை வாசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூலிக்கு உழைக்கும்போது ஆணின் சட்டை பாவமாகத் தோன்றவில்லை. அவளுடைய மகள் படித்து வேலைக்குப் போய், தன் அளவுக்கென்றே தைத்த பெண்கள் ஜீன்ஸை அணிந்து வரும்போது மட்டும் மோசேயின் நியாயப்பிரமாணம் நினைவுக்கு வருகிறது. இதை வேதப்பற்று என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம் இருவகை இழை கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. டெரிகாட்டன் சட்டை அணிந்து என்னிடம் வாதாட வந்த சகோதரர்களுக்கு இதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

அடுத்து 1 தீமோத்தேயு 2:9. பெண்களின் "தகுதியான வஸ்திரம்" பற்றி அப்போஸ்தலன் பேசுகிற இடம். அங்கே அவர் பெயர் சொல்லிக் கண்டிப்பவை எவை? பின்னல் அலங்காரம், பொன், முத்து, விலையுயர்ந்த வஸ்திரம். உடையின் நீளத்தையோ கையின் அளவையோ பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எபேசு ஒரு பணக்காரப் பட்டணம். ஏழையும் அடிமையும் அமர்ந்திருக்கிற கூட்டத்தில் செல்வத்தைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருவதையே அவர் கண்டிக்கிறார். நாமோ நாற்பது பவுன் நகையும் காஞ்சிபுரம் பட்டுமாக வருகிறவரை வாசலில் நின்று கைகுவித்து வரவேற்கிறோம். ஐந்நூறு ரூபாய்க் குர்த்தியில் வருகிற பிள்ளையை ஏற இறங்கப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "தகுதியான" என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் கோஸ்மியோஸ். ஒரு சில வசனங்கள் தள்ளி, 3:2இல், சபைக் கண்காணிக்கு இருக்கவேண்டிய இலட்சணமாகவும் அதே சொல் வருகிறது. அங்கே நம் தமிழ் வேதாகமம் அதை "யோக்கியதை" என்று பெயர்க்கிறது. "தெளிந்த புத்தி"யும் இரண்டு இடத்திலும் கேட்கப்படுகிறது. ஆக, பெண்ணின் உடையை அளக்கிற கோல் எதுவோ அதுவே போதகரையும் மூப்பரையும் அளக்கிற கோல். அந்தப் பலகையில் எங்கள் பெயரும் இருந்திருக்கவேண்டும்.

நீதிமொழிகள் 31இல் வருகிற குணசாலியான பெண்ணை நாம் கல்யாண வீடுதோறும் பிரசங்கிக்கிறோம். அவள் மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் உடுத்தியிருந்தாள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். பிலிப்பி பட்டணத்தில் பவுலின் செய்தியைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்ற லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள்; அக்காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட நிறத்தை வியாபாரம் செய்தவள். கடையை மூடிவிட்டு வா என்று பவுல் சொன்னதாக எழுதப்படவில்லை. அவள் வீட்டிலேயே தங்கினார்.

இப்போது நம் ஊரைவிட்டுச் சற்றுத் தெற்கே, நாகர்கோவில் பக்கம் வாருங்கள். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நம்மில் பலர் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டீர்கள். அன்றைய தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே தள்ளி வைக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். சுவிசேஷத்தை ஏற்ற பெண்கள் அந்த வழக்கத்தை ஏற்க மறுத்தார்கள். இலண்டன் மிஷன் போதகர்களின் மனைவியர் அவர்களுக்காகக் குப்பாயம் என்னும் தளர்வான மேற்சட்டையை அறிமுகப்படுத்தினர். 1822 தொடங்கி 1859 வரை, விட்டுவிட்டு, கலகம் நடந்தது. சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1829இல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது.

இங்கேதான் நிறுத்தி யோசிக்கவேண்டும். உடம்பை மறைப்பது மட்டுமே நோக்கமென்றால் குப்பாயம் போதும். அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு வீதியில் நடந்தார்கள். அந்தச் சீலை அன்று உயர்சாதிப் பெண்களின் அலங்காரம். இன்றைய சொல்லில் சொன்னால், அது அன்றைய ஃபேஷன். "உனக்கு எதற்கு இது?" என்று கேட்டவர்களுக்கு நடையினாலேயே பதில் சொன்னார்கள். 1859 ஜூலை 26இல் சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலால் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் மேலாடையை அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டிவைத்தது. எதை மறைத்தாய் என்பதைவிட யாரைப் போல நடக்கிறாய் என்பதே அவர்களை உறுத்தியது.

நம் சபையில் எல்லோரும் அந்தப் பாட்டிமாரின் வம்சமல்ல என்பதை அறிவேன். ஆனால் அந்தச் சுவிசேஷத்தின் பிள்ளைகள் நாம் எல்லோரும். கரிசல் கிராமங்களிலும் ரவிக்கையே அணியாத கிழவிமார் இருந்தார்கள், பாம்படம் ஆடும் காதோடு. ரவிக்கை போட்ட முதல் மருமகள் எத்தனை கேலியைக் கேட்டிருப்பாள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களையே கேளுங்கள். அன்று கேலிக்குரியதாக இருந்த ரவிக்கைக்கு இன்று நாம் "நம் பண்பாடு" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"ஐயா, அவர்கள் மூடிக்கொள்ளப் போராடினார்கள், இவர்கள் திறந்துகொள்ளக் கேட்கிறார்கள்" என்று ஒரு சகோதரர் மறுமொழி சொன்னார். கெட்டிக்காரத்தனமான மறுமொழிதான். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடுகிற குர்த்தியையும், இடுப்பு தெரிகிற சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் மூடுகிறது என்று அவரே சொல்லட்டும். அரசாங்கமே 2019இல் தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணையில் சேலையோடு சல்வார் கமீஸையும் சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. தலைமைச் செயலகத்துக்குப் பொருந்துகிற உடை கர்த்தருடைய ஆலயத்துக்குப் பொருந்தாதோ?

கண்ணைப் பற்றியும் பேசாமல் முடியாது. 2015 செப்டம்பரில் குமுதம் ரிப்போர்ட்டர் இதழ் லெக்கிங்ஸ் ஆபாசம் என்று அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. தெருவில் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களை, அவர்கள் அறியாமல் படமெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பெருங்கண்டனம் எழுந்தது. காற்றில் விலகிய குர்த்தி ஆபாசமா, அது விலகும்வரை காத்திருந்த காமிரா ஆபாசமா? மத்தேயு 5:28-29ஐத் திறந்து பாருங்கள். இச்சையோடு நோக்குகிறவனிடம் ஆண்டவர் பேசுகிறார். பிடுங்கிப் போடச் சொல்வது அவனுடைய கண்ணை. எதிரே நிற்கிற பெண்ணிடம் போய் முக்காடு போடு என்று அவர் சொல்லவில்லை. வாலிபர் தடுமாறுகிறார்கள் என்று சொல்லுகிற தகப்பன்மாரே, தடுமாறுகிறவனைப் பிடித்து உட்காரவைத்துப் பேசுங்கள். அந்த வேலையைப் பலகையிடம் விட்டுவிடாதீர்கள்.

ஏசாயா 3ஆம் அதிகாரத்தில் சீயோன் குமாரத்திகளின் சிலம்பும் தொங்கலும் பட்டியலிடப்படுவதை மிகுந்த உற்சாகத்தோடு பிரசங்கிக்கிறவர்கள், அதற்கு முந்தின 14, 15ஆம் வசனங்களைத் தாண்டிப் போகிறார்கள். அங்கே கர்த்தர் முதலில் நியாயம் விசாரிப்பது மூப்பர்களையும் பிரபுக்களையும். சிறுமையானவர்களின் முகத்தை நெரித்ததற்காக. துணியைக் குறித்துப் பாவம் பேசவேண்டுமென்றால் அங்கிருந்து பேசுவோம். நம் கரிசலில் பருத்தி விளைகிறது. 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே கரிசலின் பிள்ளைகள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்று வருடம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று வாக்கு. இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லுகிறது. ஒரு சட்டையைக் குறித்துப் போதகர் கேட்கவேண்டிய கேள்வி அந்த நூலிலிருந்து தொடங்குகிறது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய உடுப்பை அணிவதற்காக நீங்கள் கூனிக் குறுகவேண்டியதில்லை. ஆலயத்துக்குள் தலைநிமிர்ந்து வாருங்கள். கடன் வாங்கி உடுத்தாதீர்கள். பக்கத்தில் பழைய சேலையில் உட்கார்ந்திருக்கிற அக்காளைத் தாழ்வாகப் பார்க்காதீர்கள். நகையும் பூவும் வேண்டாமென்று வாழ்கிற சபையாரைக் கேலி செய்யாதீர்கள். அது அவர்கள் தாங்களாகத் தெரிந்துகொண்டது, நீங்கள் தெரிந்துகொண்டது போலவே. எந்த உடையில் வந்தாலும் திருவிருந்தில் உங்களுக்குரிய அப்பத்தை நான் தருவேன்.

வருகிற சேகரக் கமிட்டியில் பலகை விஷயம் எடுக்கப்படும். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் வாலிபப் பெண்களையும் அழைத்திருக்கிறேன். இதுவரை அவர்களைப் பற்றி அவர்கள் இல்லாமலே பேசிவந்தோம். பலகை வேண்டுமென்போர் உபாகமம் 22ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துவிட்டு வரவும். மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டுமென்பது அதன் 8ஆம் வசனம். கட்டியவர்கள் முதலில் பேசலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்